சின்ன பாய்லர் வேலாயுதம்

வேலாயுதத்துக்கு எங்கள் மின்நிலையத்தில் வழியனுப்பு விழா நடக்கவில்லை. நடத்துகிற யோக்கியதை எங்களில் ஒருவனுக்கும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான். நான் கன்ட்ரோல் ரூமில் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன்.

அவர் தென்னேரிக்காரர். ஏரித் தண்ணீரை நம்பி நெல் போட்ட குடும்பம். பாய்லர் பரீட்சையில் பாஸ் செய்து, வாலாஜாபாத் பக்கம் இருக்கும் எங்கள் தனியார் நிலையத்தில் பத்தொன்பது வருஷம் சின்ன பாய்லரைக் கவனித்தார். பெரிய பாய்லர் ஓடுகிறவரை சின்னதுக்கு வேலையே இல்லை. பெரியது நின்று ஆவி போய்விட்டால்தான் அதைத் தேடுவோம். டர்பைனின் தண்டு நுழைகிற இடுக்கில் ஆவி கொடுத்து வெளிக்காற்று புகாமல் அடைக்க வேண்டும். அடைத்தால்தான் உள்ளே வெற்றிடம் பிடிக்கும். பிடித்தால்தான் டர்பைனை ஓட்ட முடியும். அந்த முதல் ஆவி சின்ன பாய்லர் போடுகிற பிச்சை. அதை வாங்கித்தான் இவ்வளவு பெரிய நிலையம் பிழைப்பு நடத்துகிறது.

வருஷத்துக்கு மூன்று தடவை எரிந்தால் அதிகம். மற்ற நாளெல்லாம் அவர் அதன் வால்வுகளைத் திருப்பிப் பார்ப்பார், துரு ஏறாமல் துடைப்பார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் தண்டச்சோறு. கேன்டீனில் அவர் காதில் விழும்படியே சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

மேலாளர் சரத்குமார் எங்களையெல்லாம் மிஞ்சியவர். ஒரு வருஷமாக நிலையம் நிற்கவில்லை என்று தலைகால் புரியாமல் ஆடிக்கொண்டிருந்தார். போன ஆயுதபூஜையன்று காலையில் வேலாயுதத்தின் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். சின்ன பாய்லரைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறோம், மாதக் கடைசியோடு உமக்கு வேலை இல்லை. வேலாயுதத்தின் மகள் அபிநயா ஏனாத்தூர் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள்.

அதே காலையில், அதே பாய்லருக்குத்தான் பூஜையும் போட்டோம். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! ஓடுகிற பெரிய பாய்லரைத் தொட்டால் கை வெந்துவிடும். குளிர்ந்து கிடப்பது இது ஒன்றுதான். ஆகவே வாழைக்கன்று, மாலை, கற்பூரம் எல்லாம் வருஷாவருஷம் இதற்கே. சந்தனத்தை, தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடியின் மேல்தான் அப்புவார்கள். அதுதான் பாய்லரின் முகமாம். அங்கே பூச வேண்டாம், உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாமல் பற்றவைத்தால் வெடித்துவிடும் என்று வேலாயுதம் ஒவ்வொரு வருஷமும் கெஞ்சுவார். யார் கேட்டார்கள்?

பூஜை முடிந்து பொரி தின்றுகொண்டிருக்கும்போது எங்கள் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகிற லைன் போனது. டர்பைன் நின்றது. பெரிய பாய்லரில் திறந்துகொண்ட பாதுகாப்பு வால்வு மூடாமல் மாட்டிக்கொள்ள, இருந்த ஆவி அத்தனையும் சீறிப் போய்விட்டது. லைன் வந்து, வால்வைச் சரிசெய்து முடித்தபோது டர்பைனுக்குக் கொடுக்க ஆவியில்லை.

சின்ன பாய்லரைப் பற்றவைக்கட்டுமா என்று வேலாயுதம் வந்து கேட்டார். சரத்குமார் கூடாது என்றுவிட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில் மறுபூஜை போடாமல் தொடக்கூடாதாம். பட்டம் வாங்கிய இன்ஜினீயர்கள் எல்லோரும் தலையாட்டினோம். அரை மணி கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து முதலாளியே போனில் வந்தார். சரத்குமாரின் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்த கையோடு வேலாயுதத்திடம் ஓடினார்.

"பாய்லர பத்தவைப்பா, சீக்கிரம்."

வேலாயுதம் அசையவில்லை. "காலீல இத பழைய இரும்புன்னீங்க. இப்பதான் சாமி, தொடாதன்னீங்க. ரெண்டுல எதுன்னு சொல்லிட்டு போங்க சார், பத்தவெக்கறேன்."

"ரெண்டும் இல்லப்பா. அது பாய்லரு."

"அத உங்க வாயால கேக்கத்தான் இம்மாம் வருஷமா காத்துக்கினு இருந்தேன்" என்றார். மாலையைக் கழற்றி ஓரமாக வைத்தார். தோள் துண்டை நனைத்துக் கண்ணாடியில் இருந்த சந்தனத்தைத் துடைத்து, குனிந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். பிறகுதான் நெருப்பு. ஒரு மணி நேரத்தில் ஆவி வந்தது. பொழுது சாய்வதற்குள் நிலையம் ஓடியது.

கூடவே நின்று ஓட்டவைத்தது தான்தான் என்று சரத்குமார் போனில் முதலாளியிடம் மார்தட்டிக்கொண்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பிறகு வெளியே வந்து, பாய்லரை விற்கப்போவதில்லை, கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு என்று வேலாயுதத்திடம் பெரிய மனது பண்ணினார்.

வேலாயுதம் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இது இருக்கட்டும் சார். பத்தொம்போது வருஷத்துல நீங்க மனசார எழுதிக் குடுத்தது இது ஒண்ணுதான்."

இப்போது காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற இடத்தில் இருக்கிறார். சம்பளம் குறைவு. அங்கே பாய்லர் தினமும் எரிகிறது.

எங்கள் சின்ன பாய்லருக்குப் புது ஆள் வந்துவிட்டான். இந்த வருஷமும் ஆயுதபூஜை போட்டோம். சரத்குமார் ஒரு கை சந்தனம் எடுத்து அதே கண்ணாடியில் அப்பினார். வேண்டாம் என்று சொல்ல யாருமில்லை. நானும் பக்கத்தில் நின்று கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.