தூங்கிப் படித்த பிசிக்ஸ்

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு பிசிக்ஸ் டீச்சர் வந்து உட்கார்ந்தார். குட்டையான உருவம், கன்னத்தில் சாக்பீஸ் தூள். கண்ணை மூடியபடியே இருந்தார். ஆனால் வேகத்தடை வரும்போதெல்லாம் மடியிலிருந்த டிபன் பையை மட்டும் முன்கூட்டியே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கல்லூரியில் எதை எடுப்பது என்று வீட்டில் தினமும் சண்டை. அதனால் கேட்டேன்: "எம் பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்கா, எதப் படிக்க வைக்கறதுன்னு தெரியல. நீங்க ஏங்க பிசிக்ஸ் எடுத்தீங்க?"

"ஸ்கூல்ல மதியச் சாப்பாடு முடிஞ்சதும் பிசிக்ஸ்தாங்க. நல்லாத் தூங்குவேன். தூங்குனா கணக்கு சார் சாக்பீஸ எறிவாரு. பிசிக்ஸ் சாரு குரலக் கொறைச்சுக்குவாரு. பயமில்லாத பாடம் அது ஒண்ணுதான். காலேஜ்லயும் அதையே எடுத்துட்டேன்."

"இப்ப உங்க கிளாஸ்ல பிள்ளைங்க தூங்குதா?"

"பத்தாவதுல நல்லாத் தூங்கும். எழுப்ப மாட்டேன். எழுப்புனா பயந்துபோயி வேற குரூப்புக்கு ஓடிடும்."

பிறகு, நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டரைப் போல, "உங்க பொண்ணு எந்த கிளாஸ்ல தூங்கும்?" என்றார்.

அப்போதே மகளுக்குப் போன் போட்டுக் கேட்டேன். திட்டுவேனோ என்று தயங்கிவிட்டு, "எல்லா கிளாஸ்லயுந்தாம்மா" என்றாள்.

டீச்சரிடம் சொன்னேன். "அப்ப எத எடுத்தாலும் வரும்" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஆனால் வெயிலேறியும் தூங்குகிற மகளை எழுப்பப் போனால், எந்தப் படிப்பைக் கலைத்துவிடுவோமோ என்று இன்றும் கை நின்றுவிடுகிறது.