வாழைக்கு விழுந்த புள்ளி

வடமதுரையில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் நான் பாதி நாள் டாக்டர், மீதி நாள் குற்றவாளி. கடையில் உட்கார்ந்து அடுத்தவர் பயிருக்குப் பதில் சொல்லும் உங்களுக்கும் இந்தப் பிழைப்பு புரியும்.

போணி இலை

குத்தகை நிலத்தில் வாழை போட்டிருந்த பாண்டியம்மாள் ஒருநாள் கடை திறந்ததும் வந்தார். இலை மஞ்சளடிக்கிறது என்றார். கையில் கொண்டுவந்த இலையோ விருந்துக்கே போடலாம், அத்தனை சுத்தம். நானும் பெரிய மேதாவி மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்து, சத்துக் குறைவுதான் என்று பொட்டாஷ் கொடுத்தனுப்பினேன்.

பத்தே நாளில் மஞ்சள் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. நோய் வந்த இலையை ஏன் காட்டவில்லை என்று எரிந்து விழுந்தேன். அவர் கேட்டார்: "போணி நேரத்துல சீக்கு எலையக் கொண்டாந்து வைக்கலாமாண்ணே?"

பூஞ்சாணம் கக்கிய விஷம்

அன்றே தோட்டத்துக்குப் போனேன். இலையெல்லாம் துருப்பிடித்த மாதிரிக் கோடுகள்; சாம்பல் நிறப் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம். சந்தேகமில்லை, இலைப்புள்ளி நோய். பூஞ்சாணம் இலைக்குள் இறங்கி விஷம் கக்கும், அதில் இலை கருகும், இலை போனால் காய் பெருக்காமல் மரத்திலேயே பழுத்துவிடும் என்று சொன்னேன். தார் தள்ளுகிற சமயம் வேறு. என்னைத் திட்ட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவரோ அரிவாளை எடுத்து நோய் இலைகளை அறுக்கத் தொடங்கிவிட்டார். "இந்தத் தாரு தேறலைன்னா நெலத்துக்காரரு வேற ஆளுக்கு விட்டுருவாருண்ணே. வெரசா மருந்தச் சொல்லுங்க."

உருண்டோடிய மருந்து

அறுத்த இலைகளை எரித்துவிட்டு மருந்தடித்தவர், நடுவிலேயே போன் செய்தார். மருந்து இலையில் நிற்காமல் உருண்டு விழுகிறதாம். வாழை இலை வழுவழுப்பு. ஒட்டுப் பசை கலந்தால்தான் மருந்து தங்கும். அதைக் கொடுக்க மறந்தவன் நான். பசையை எடுத்துக்கொண்டு வண்டியில் பறந்தேன். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, தெளிப்பானை நானே முதுகில் மாட்டி இலையின் அடிப்பக்கமெல்லாம் அடித்தேன். பாண்டியம்மாள் சிரித்தார்: "இப்பத்தேண்ணே நீங்க நம்ம ஆளு மாதிரி இருக்கீங்க."

தார் வெட்டிய அன்று

அடுத்தடுத்து அடித்ததில் புது இலைகள் புள்ளியில்லாமல் விரிந்தன. தார் தேறிவிட்டது. வெட்டிய அன்று ஒரு சீப்புக் காயோடு கடைக்கு வந்தார். ஆட்கள் நிறைய இருந்தார்கள். நன்றி சொல்ல வேண்டியவன் நான். எழுந்து கும்பிட்டேன், கண் கலங்கிவிட்டது. அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அடுத்த வருசமும் நீயே பாருன்னுட்டாருண்ணே நெலத்துக்காரரு. நீங்க மொதல்ல மாத்திக் குடுத்தத நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல."

நான் இன்னும் இந்த ஊரில் கைராசிக்காரன் என்று பெயரெடுத்திருப்பது, இப்படி வாய் திறக்காத நாலு பேர் புண்ணியத்தில்தான்.