ஏழுமலை அண்ணன் வண்டிக்கு இழுப்பு வந்த விதம்

இதை எழுத உட்கார்வதும் எழுந்துவிடுவதுமாகப் பல வருஷம் போய்விட்டது. ஜெபத்தைக் கேலி செய்கிறான் என்று சபையில் நினைப்பார்கள். இவனெல்லாம் ஒரு மேஸ்திரியா என்று ஷெட்டில் சிரிப்பார்கள். இரண்டு பயமும் இன்னும் இருக்கிறது. ஆனாலும் ஆண்டவர் செய்ததை நான் மூடி வைப்பது நியாயமில்லை என்று எழுதுகிறேன். எட்டாவது வரை படித்து, ஆரணியில் டீசல் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்ந்தவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. மூன்றாவது வளைவு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. ஏழுமலை அண்ணனிடம் நாலு சிலிண்டர் சின்ன லாரி ஒன்று இருந்தது. ரைஸ் மில்லுக்கு மூட்டை அடிக்கிற வண்டி. மகளுக்குப் பெரணமல்லூரில் சம்பந்தம் முடிவானது. மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு வேண்டுதல்: தாலி கட்டுவது அவர்கள் மலைக்கோயிலில்தான். கோயிலைப் பார்த்துவிட்டு வர இரண்டு வீட்டாரையும் அண்ணன் தன் லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போனார்.

மூன்றாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் பின்னால் வர ஆரம்பித்தது. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினார். உச்சிக்குப் போனதும் அவர் தனியாக ஒதுங்கிப் போனாராம். ரொம்ப நேரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சொன்னாராம்:

"தள்ளினு வர்ற வண்டியில சீரு வந்தா எங்களுக்கு வாணாம். கல்யாணத்தன்னிக்கு வண்டி தானா ஏறணும். ஏறலன்னா பொண்ணையும் எறக்கினு போயிடுங்க."

மறுநாள் காலையில் அண்ணன் என் ஷெட்டில் நின்றார்.

"மேஸ்திரி, இன்னா பண்ணுவியோ தெரியாது. வண்டி இழுக்கணும். வேற லாரி பேசலாம்னா, அந்தம்மா இந்த வண்டிதான் ஏறணும்னு நம்பர முதக்கொண்டு சொல்லிட்சி."

2. இழுப்பு என்றால் என்ன

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். வண்டிக்கு வேகம் கூட்டுவது வேறு, இழுப்பு கூட்டுவது வேறு. புத்தகத்தில் அதற்கு டார்க் என்று போட்டிருக்கும். எங்கள் ஷெட்டில் இழுப்பு. எஞ்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே பாரத்தைத் தூக்க வேண்டும். மலையில் அதுதான் கை கொடுக்கும்.

எஞ்ஜினை இறக்கிப் பார்த்தேன். உள்ளே தேய்மானம் அதிகம். தேய்ந்த சிலிண்டர்களைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதாவது ஓவர்சைஸ் போர் போட்டு, அதற்கேற்ற புது பிஸ்டன் வாங்கினேன். சிலிண்டர் ஹெட்டின் அடியை லேசாகச் சீவி, அதாவது ஃபேசிங் அடித்து, கம்ப்ரெஷனைக் கூட்டினேன். வால்வு கசியாமல் உட்காரத் தேய்த்து லேப்பிங் செய்தேன். டீசல் பம்பையும், டீசலைப் பீய்ச்சும் நாசிலையும் வேலூருக்கு அனுப்பி, எஞ்ஜின் மெதுவாகச் சுற்றும்போது கொஞ்சம் டீசல் கூடுதலாக விழும்படி செட்டிங் வைத்து வாங்கினேன். கை வேலையைச் செய்தேன், மிச்சத்தை ஆண்டவரிடம் வைத்தேன். வேலை தொடங்குமுன் ஜெபம் செய்வது என் வழக்கம். இந்த முறை ஒரு பெண்ணின் கல்யாணம் ஆயிற்றே என்று சபையும் சேர்ந்து ஜெபிக்கட்டும் என நினைத்தேன். எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேச வராது. அதனால் என் மனைவி எஸ்தரிடம் சொன்னேன்:

"ஏழுமலை அண்ணன் வண்டிக்கு இழுப்பு வேணும்னு ஐயர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடு."

சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம். தண்ணீர்க் குழாயடியில் அவருடைய சம்சாரத்தைப் பார்த்து, குடம் நிறைகிற அவசரத்தில் எஸ்தர் சொன்னது இது:

"ஏழுமலை அண்ணனுக்கு இழுப்புங்க. கல்யாணம் வேற கிட்ட வந்துகினு இருக்குது. ஜெபத்துல வைக்கச் சொல்லுங்க."

"வண்டி" என்ற சொல் குழாயடியிலேயே தங்கிவிட்டது. வண்டியை விட்டுவிட்டால் எங்கள் ஊரில் இழுப்பு என்பது மூச்சிரைப்பு நோய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஐயர் கண்ணீரோடு ஜெபித்தார்: "எங்கள் சகோதரர் ஏழுமலையை வாட்டும் இழுப்பை வேரோடு எடுத்துப்போடும் ஆண்டவரே! இனி ஒருநாளும் அவருக்கு இழுப்பு இல்லாதபடி செய்யும்!"

சபை முழுவதும் "ஆமென்" என்றது. என் வாய் மட்டும் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னை இடித்து, "உங்க கஸ்டமருக்காகத்தான், ஆமென் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன். இரண்டு மாத வேலைக்கு எதிராக நானே கையெழுத்துப் போட்டது போல இருந்தது.

3. போனது போனதுதான்

திங்கட்கிழமை எஞ்ஜினை மாட்டினேன். காலையில் எங்கள் தெருவில் நெசவுக்காரர்கள் பட்டு நூல் பாவை நீளமாக நீட்டியிருப்பார்கள். அதைச் சுருட்டும்வரை காத்திருந்து, மூட்டை ஏற்றி ஏரிக்கரை மேட்டுக்கு வண்டியை விட்டேன். வெள்ளைப் புகை கக்கியது. பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டது. முன்னால் இருந்த இழுப்பும் இல்லை.

நேரே ஐயர் வீட்டுக்கு ஓடினேன்.

"ஐயா, அந்த ஜெபத்த வாபஸ் வாங்கணும்."

முழுக் கதையையும் கேட்டுவிட்டு ஐயர் சிரிக்கவே இல்லை.

"வாபஸ் வாங்க அது இன்னா தேர்தல் மனுவா? இதக் கேளு. ஆண்டவர் எடுத்திருந்தார்னா நீ இன்னா பண்ணாலும் வராது. நீ தப்பா மாட்டியிருந்தா, அவரு மேல பழி போடற. மொதல்ல கழட்டிப் பாரு. போ ஜல்தியா."

கழற்றினேன். ஆமென் சொன்ன கலக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன்: பம்பு டைமிங் கியரில் ஒரு பல் தள்ளி உட்கார்ந்திருந்தது. டீசல் தாமதமாக விழுந்தால் இழுப்பு எங்கே இருக்கும்? கியர்களில் இருக்கும் குறியைக் குறியோடு சேர்த்து மாட்டினேன். அடுத்த முறை அதே மூட்டையோடு வண்டி ஏரிக்கரையில் எருமை மாதிரி அசராமல் ஏறியது.

ஆனால் அதற்குள் சபைப் பெண்கள் ஏழுமலை அண்ணன் வீட்டுக்குத் தூதுவளை ரசமும் கற்பூரத் தைலமும் கொண்டுபோகத் தொடங்கியிருந்தார்கள். அண்ணன் ஷெட்டுக்கு வந்தார்.

"மேஸ்திரி, எனக்கு இன்னாவோ நோவாமே? எல்லாரும் நெஞ்சுல தடவிக்கச் சொல்லிட்டுப் போறாங்கோ. மூணு நாளா எனக்கே மூச்சு ஒரு மாதிரி வர்றாப்ல கீது."

நான் விளக்கிச் சொல்வதற்குள் பேச்சு பெரணமல்லூர் போய்ச் சேர்ந்தது: பெண்ணின் அப்பாவுக்கு இழுப்பு, பரம்பரையாக வரும். சம்பந்தி அம்மாவிடமிருந்து ஆள் வந்தது. "கல்யாணத்தன்னிக்கு நானே அந்த வண்டியில முன்னால குந்திகினு வர்றேன். வண்டியையும் பாக்கறேன், ஆளையும் பாக்கறேன்."

4. ஏற்றம்

வண்டியை நானே ஓட்டினேன். எனக்கு அடுத்து அண்ணன், ஓரத்தில் சம்பந்தி அம்மா. பின்னால் சீர் வரிசையும் சொந்தக்காரர்களும். அண்ணன் நோயாளி இல்லை என்று காட்டுவதற்காக மூச்சை அடக்கிக்கொண்டு வந்தார். முகம் கருத்துக்கொண்டே வந்தது.

"அண்ணே, மூச்சு விடுங்க, செத்துடப் போறீங்க" என்று காதோரம் சொன்னேன்.

"நீ கியரப் பாரு."

மூன்றாவது வளைவு. செகண்ட் கியர். ஆக்ஸிலேட்டரை மெதுவாக அழுத்தினேன். எஞ்ஜின் ஒரு முறை முனகியது. கரும்புகை கேபினுக்குள்ளும் வந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. ஆண்டவரே, ஏறியது!

அந்தச் சமயத்தில் ஓரத்திலிருந்து விசில் மாதிரி ஒரு சத்தம். ஃபேன் பெல்ட் என்று நினைத்தேன். இல்லை. சம்பந்தி அம்மாவின் நெஞ்சு. அவர் வெற்றிலைப் பையைத் துழாவி, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தை எடுத்து இரண்டு முறை இழுத்தார். நான் வண்டியை ஓரங்கட்டப் போனேன்.

"நிறுத்தாத! நிறுத்தினா மறுபடி என்னத் தள்ளச் சொல்லுவீங்க!" என்றார். மூச்சு சமனானதும் மெதுவாகச் சொன்னார். "இழுப்பு எனக்குத்தான். எம்மா வருசமா. அன்னிக்குத் தள்ளினதுல செத்துப் பொழச்சேன், அந்தக் கோவந்தான் அப்பிடிப் பேசிட்டேன். நோவுக்காரி வீட்டுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு மறச்சினு இருந்தேன்."

ஏழுமலை அண்ணன் அப்போதுதான் மூச்சை விட்டார். "அட இன்னாங்க சம்மந்தி, இதுக்குப் போயி! எம்பொண்ணு பாத்துக்கும் உங்கள."

அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க கோயில்ல இழுப்புக்கு முட்டி போட்டாங்களாமே? எனக்காக எவன் வேண்டப் போறான்னு இருந்தேன். அதக் கேள்விப்பட்டப்போ எனக்காகவே வேண்டினாப்ல இருந்துச்சி."

பொய் சொல்ல மனம் வரவில்லை. "அம்மா, மன்னிக்கணும். அது வண்டிக்குக் கேட்டது" என்றேன்.

மறுபடி மருந்து வேண்டியிருக்குமோ என்று நாங்கள் பயப்படும் அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வண்டிதான் ஏறிட்சே. ஜெபத்துல மீதிய நான் வெச்சிக்கறேன்."

கல்யாணம் நடந்தது. அதன் பிறகு அவர் மறைக்காமல் வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனார், மருமகளோடு. எஞ்ஜினில் ஒரு பல் தள்ளினாலும், பேச்சில் ஒரு சொல் விழுந்தாலும் வண்டி நின்றுவிடும் என்று கற்றுக்கொண்டேன். விழுந்த சொல்லையும் ஆண்டவர் வீணாக்குவதில்லை என்பதையும் கற்றுக்கொண்டேன்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, "வண்டிக்கு" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்.