ஏழு அடுக்கும் மூன்று மீன் ரின்னும்

அம்மா அந்த விருந்துக்குப் பெயர் கொடுத்தது தவறுதலாகத்தான். அவர் வேலை செய்த முதியோர் இல்லத்தில், வேலையாட்கள் தேநீர் குடிக்கும் அறைச் சுவரில் எப்போதும் ஏதாவதொரு தாள் தொங்கும். யாருக்கோ சுகமில்லை, யாரோ விடுமுறையில் போகிறார்கள், அந்த நேரத்துக்கு வேலைக்கு வரக்கூடியவர்கள் பெயரை எழுதலாம். அம்மா எந்தத் தாளையும் விட்டுவைத்ததில்லை. ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றுக்கான தாளில் ஒரேயொரு வரி வெறுமையாக இருப்பதைக் கண்டு, கண்ணாடியும் போடாமல் பெயரை எழுதிவிட்டு வந்தார். அது கோடை விருந்துக்கு யார் யார் என்ன சாப்பாடு கொண்டு வருவது என்கிற பட்டியல். அதன் பிரதியை வீட்டில் நான் வாசித்துச் சொன்னபிறகுதான், தான் ஏழு அடுக்குத் தாக்கோ டிப்புக்குப் பொறுப்பேற்றிருப்பது அம்மாவுக்குத் தெரிந்தது. ஒரு நாள் வேலை கைநழுவிப் போனதில்தான் அவருக்குக் கவலை.

எனக்கு அப்போது பத்து வயது. நோர்வேயின் எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்து விளங்கப்படுத்துவது என் பொறுப்பு. பாடசாலை, வங்கி, பல் வைத்தியர் எல்லாருக்கும் நான்தான் பதில். அதனால் எனக்கு ஏறியிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. போதாததற்கு, வகுப்புத் தோழி ஒருத்தியின் பிறந்தநாளில் தாக்கோ டிப் சாப்பிட்டும் இருந்தேன். கண்ணாடிப் பாத்திரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பரப்பி, குளிரப்பண்ணி, சோளச் சிப்ஸால் அள்ளித் தின்பது. நான் அம்மாவுக்கு விளக்கிய விதத்தைப் பார்த்திருந்தால் அதைக் கண்டுபிடித்தவளே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

“ஆறின சாப்பாட்டையே, பிள்ளை, ஆக்களுக்குக் குடுக்கிறது? நான் ரோல்ஸ் சுட்டுக் கொண்டுபோறன்” என்றார் அம்மா.

நான் விடவில்லை. பட்டியலில் என்ன இருக்கிறதோ அதைத்தான் கொண்டுபோக வேண்டும், இது நோர்வே என்றேன். இந்தக் கடைசி வசனத்தை அந்த நாட்களில் நான் அடிக்கடி பாவித்தேன். அதோடு வீட்டில் எந்த வாக்குவாதமும் முடிந்துவிடும்.

எனக்கு இதில் பெரிய நோக்கம் ஒன்று இருந்தது. அம்மா அந்த இல்லத்தில் ஐந்தாவது வருடமாக விக்கார். அதாவது மற்றவர்கள் வராத நாட்களில் போகிற ஆள். காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தால் எட்டு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அடிக்காவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. நிரந்தர வேலைக்கு நொஸ்க் என்கிற நோர்வே மொழியில் ‘ஃபாஸ்ட்’ என்று பெயர். ஊரில் இங்கிலிஸ் படித்திருந்த அப்பாவுக்கு அது தீராத பகிடி. “பேர்தான் ஃபாஸ்ட், வாறது ஆமை வேகத்திலை” என்பார். அம்மா ஒருநாளும் சிரித்ததில்லை. அந்தக் கோடையில் இரண்டு ஃபாஸ்ட் இடங்கள் வரப்போவதாகக் கதை அடிபட்டது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற பொறுப்பாளர் அம்மணியும் விருந்துக்கு வருவார். டிப் நன்றாக அமைந்தால் வேலை அம்மாவுக்குத்தான் என்று நான் நம்பினேன். அம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.

சிக்கல் முதலாவது அடுக்கிலேயே வந்தது. அது அரைத்த மாட்டிறைச்சி. நோர்வேயில் வெள்ளிக்கிழமை என்றால் வீட்டுக்கு வீடு தாக்கோ. எங்கள் வீட்டிலோ வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை. மன்னார்க் கத்தோலிக்கரான அம்மா, வேலை ஃபாஸ்ட் ஆகும்வரை எந்த வெள்ளியிலும் இறைச்சி தொடுவதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்திருந்தார். தின்னப்போகிறவர்கள் கத்தோலிக்கர் இல்லையே என்றேன். சமைக்கிறவள் நான்தானே என்றார். வியாழக்கிழமையே சமைத்துவிட்டால் என்ன என்றேன். வெள்ளிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு போகிறவளும் நான்தானே என்றார். இப்படி நான் கேள்வி கேட்கக் கேட்க அம்மாவின் முகம் சோர்ந்துகொண்டே போனது. அந்த வேலைக்காக நேர்ந்ததை அந்த வேலைக்காகவே எப்படி மீறுவது என்பதுதான் அவர் கவலை. எனக்கு அது வெறும் பிடிவாதமாகப் பட்டது.

வியாழன் பின்னேரம் வேலையால் வந்த அம்மா, சப்பாத்தைக் கழற்றின கையோடு அலுமாரியைத் திறந்து, தக்காளிச் சாற்றில் ஊறிய கானாங்கெளுத்தி மீன் ரின்கள் மூன்றை எடுத்து மேசையில் வைத்தார். இங்கத்தைய பிள்ளைகள் பாணில் பூசித் தின்னும் அதே ரின் மீன்தான். வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, யாழ்ப்பாணத் தூள் எல்லாம் போட்டுப் பிரட்டி எடுத்தபோது வீடே மணத்தது. நான் அழுதேன். அழுதாலும் அது இறைச்சியாக மாறவில்லை.

அடுத்தது புளித்த தடித்த பாலாடை. நொஸ்க்காரர் ‘ரொம்மே’ என்பார்கள். அம்மா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “இது தயிரெல்லே. மீனோடை ஆர் தயிர் சேர்க்கிறது? தின்ற ஆக்களுக்குத் தேமல் வரும்” என்றார்.

இறைச்சிக்கு அந்தோனியார் தடை, மீனுக்குத் தயிர் தடை. நான் மேசையில் தலையை வைத்துப் படுத்துவிட்டேன். அம்மா யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். நாலாவதாக வரவேண்டிய மசித்த பீன்ஸை இரண்டாவதாக்கி, மீனுக்கும் தயிருக்கும் நடுவில் இரண்டு விரல் தடிப்பில் ஒரு மதில் எழுப்பினார். ஓட்டை ஏதும் இருக்கிறதா என்று கண்ணாடிப் பாத்திரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதற்கு மேல் ரொம்மே, அவகாடோ மசியல், சிவப்புச் சோஸ், சோள மணி, துருவிய சீஸ் என்று நான் சொன்னபடி எல்லாம் வந்தன.

ஒவ்வொரு அடுக்கும் இறுக அரை மணித்தியாலம் குளிர்பெட்டியில் இருக்கவேண்டும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். என் தோழியின் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. பொறுப்பாளருக்குக் கொடுப்பதென்பதால் நானாகச் சேர்த்தது. அம்மா அன்று காலை ஐந்து மணிக்கு ஒரு அலுவலகத்தைத் துடைக்கப் போய், அங்கிருந்து நேரே இல்லத்துக்குப் போய் வந்தவர். உப்புப் போட்ட சுடுதண்ணீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு அந்த அரை மணித்தியாலங்கள் எல்லாம் காத்திருந்தார். அவகாடோ அடுக்குக்கு நான் கூப்பிட்டபோது கரண்டியைப் பிடித்தபடியே நித்திரையாகியிருந்தார். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. எனக்கு வந்தது எரிச்சல்தான். “அம்மா, எழும்புங்கோ, உங்கடை வேலைக்குத்தானே” என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். இன்றைக்கு நானும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருக்கிறவள். அந்த உலுக்கலை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

விருந்து இல்லத்தின் கீழ்மாடியில் நடந்தது. அம்மா பூசைக்கு உடுக்கும் நீலச் சேலையை உடுத்திருந்தார். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, மேல்மாடி அறையொன்றில் அழைப்பு மணி அடித்தது. அம்மாவுக்கு அன்று வேலை இல்லை. வேலையில் நின்ற பெண் இன்னொரு அறையில் இருந்தார். மற்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள், அம்மா எழுந்தார். பிறகு இன்னொரு மணி. மூன்றாவது தடவை போனவர் சேலைக்கு மேல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டதால் அதற்குப் பிறகு அவரை விருந்தாளியாக யாரும் நினைக்கவில்லை.

நான் பாத்திரத்துக்குக் காவல் நின்றேன். பக்கவாட்டில் ஏழு நிறமும் வடிவாகத் தெரிந்தன. சிப்ஸோடு வந்தவர்கள் மேலிருந்த சீஸையும் சோளத்தையும் அள்ளினார்கள். துணிந்து அடிவரைக்கும் குத்தியவர் பொறுப்பாளர் அம்மணிதான். உயரமானவர், வெள்ளித் தோடு போட்டிருந்தார். மென்றார், நின்றார், கண்ணைச் சுருக்கினார். இது மீனா என்று கேட்டார். எங்கள் நாட்டில் தாக்கோவை இப்படித்தான் செய்வோம் என்று ஒரு பெரும் பொய்யைக் கூசாமல் சொன்னேன். ‘ஸ்பென்னனெ’ என்றார் அவர். அகராதியில் அதற்குப் பரபரப்பூட்டுவது, ஆவலைத் தூண்டுவது என்றெல்லாம் இருக்கும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அவர் மிச்சச் சிப்ஸைக் கடதாசித் துவாயில் சுற்றி வைத்துவிட்டு, உன் அம்மா அவ்வளவு ‘ஃப்ளிங்க்’, அவர் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வோம் என்று சொல்லி என் தலையைத் தடவினார்.

நான் படியில் ஏறி ஓடினேன். அம்மா ஒரு கிழவிக்கு முதுகில் தலையணை வைத்து, கிண்ணத்திலிருந்து தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் தமிழில் ஒப்புவித்தேன். சாப்பாடு பரபரப்பாக இருக்கிறதாம், நீங்கள் கெட்டிக்காரியாம், நீங்கள் இல்லாவிட்டால் அவர்கள் என்ன செய்வார்களாம்.

அம்மா கிழவியின் நாடியைத் துடைத்துவிட்டார். “வேறை ஒண்டும் சொல்லேல்லையே?”

“இதுக்கு மேலை என்ன சொல்லோணும்?”

“ஓம், சரி பிள்ளை” என்றார்.

திரும்பும்போது ரயிலில் வெயில் முகத்தில் அடித்தது. பாத்திரம் அம்மாவின் மடியில் இருந்தது. அடியில் மீனும் மதிலும் அப்படியே கிடந்தன. எப்போது ஃபாஸ்ட் கடிதம் வரும், அதை நானே வாசிக்கலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா கண்ணை மூடியிருந்தார். நித்திரை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் கடிதம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. இரண்டு இடங்களும் வேறு இருவருக்குப் போயின. எனக்கு விளங்கவேயில்லை. நான் ஒரு சொல்லையும் விடாமல், ஒரு சொல்லையும் பிழைவிடாமல் மொழிபெயர்த்திருந்தேன். கெட்டிக்காரி என்று நான் சொன்ன அந்த ‘ஃப்ளிங்க்’ எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். கணக்கு முழுவதும் சரியாக இருந்தால் என் ஆசிரியை கொப்பியின் ஓரத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒட்டுவார். எனக்குக் கிடைக்கிற சொல் அம்மாவுக்கும் கிடைத்துவிட்டது என்று அன்று ரயிலில் நான் பூரித்துப்போயிருந்தேன். நாற்பது வயது மனுஷி ஒருத்திக்கு அந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டால் வேறெதையும் கொடுக்கவேண்டியதில்லை என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்கு அது, நான் படியேறி ஓடி வருமுன்னரே தெரிந்திருந்தது.