நடக்காத கால்

என் கணவருக்கு ஷார்ஜாவில் பக்கத்துக் கடைக்குப் போகக்கூடக் கார் வேண்டும். லீவுக்கு ஸ்பெயின் போனபோது, கிறிஸ்தவ யாத்ரீகர்கள் நாள் கணக்கில் நடந்து போகும் பாதையில், சிலுவைப்போர்க் காலத்து டெம்ப்ளர் வீரர்கள் கட்டிய பழைய கோட்டையைப் பார்க்க ஏசி பஸ்ஸில்தான் போய் இறங்கினோம்.

கோட்டையை ஒட்டிய தேவாலயத்தில் ஒரு வயதான அம்மா, நடந்தே வந்த யாத்ரீகர்களின் கொப்புளம் வெடித்த கால்களை மண்டியிட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். இவரும் ஷூவைக் கழற்றிவிட்டு வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, நாம நடக்கவே இல்லையே?"

"அவங்களுக்கு என்ன தெரியப்போகுது? யல்லா, சீக்கிரம் போட்டோ எடு!"

அந்த அம்மா இவர் காலைக் கழுவித் துடைத்து, குனிந்து முத்தமிட்டார். இவர் கேமராவைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் படத்தை எடுத்தது நான்தான்.

போன வாரம் எங்கள் கல்யாண நாள். விழுந்து கும்பிடச் சொல்லி அதே காலை நீட்டினார். இத்தனை வருஷமாகக் குனிந்த என் முதுகு, அன்று வளையவில்லை.