வெள்ளைப் பெட்டியின் முரசு

கடைத்தெருவில் அவளுக்குப் பேர் காதுக்காரி. பழைய வீடியோ கேம் பெட்டிகளைப் பழுது பார்ப்பவள். ஒரே ஆட்டத்தை மூன்று பெட்டிக்கு மூன்று விதமாகச் செய்திருப்பார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான், ஆனால் குணம் வேறு வேறு. அந்த விண்கல ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்புப் பெட்டியில் பாட்டு உண்டு, முரசு கிடையாது. சாம்பல் பெட்டியில் முரசு உண்டு, ஆனால் நீங்கள் குண்டு போட்டால் அது வாயை மூடிக்கொள்ளும். வெள்ளைப் பெட்டியில்தான் எத்தனை குண்டு போட்டாலும் தொம் தொம் என்ற அடி நிற்காது.

எந்தப் பெட்டி ஓடுகிறது என்று அவள் டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்று, கேட்டே சொல்வாள். இடது காதில் ஒற்றை இயர்போன். அதைச் சொருகினால் டி.வி. வாயடைத்துவிடும். வலது காது வருகிறவர்கள் பேச்சுக்கு. இருபது வருஷப் பழக்கம். ஒரு தரம்கூட "தெரியலை" என்று சொன்னவள் இல்லை. சொன்னாள் என்று யாராவது வந்து சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள்.

ஒரு திங்கட்கிழமை, படம் நடுங்குகிறது என்று ஒருவர் வெள்ளைப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். படத்தைச் சரிசெய்துவிட்டு, அந்த விண்கல ஆட்டத்தைப் போட்டு இயர்போனை மாட்டினாள். பாட்டு வந்தது, முரசு வரவில்லை. சத்தம் வருகிற பக்கத்தில் இரண்டு கெப்பாசிட்டர் மாற்றினாள். வரவில்லை. மூன்றாவதையும் மாற்றினாள்.

கல்லாவில் இருக்கும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "இன்னுமா அந்தப் பெட்டியக் கட்டிக்கிட்டு அழறீங்க, அண்ணி?"

"முரசு செத்துப்போச்சு. உயிர் வரமாட்டேங்குது."

நாத்தனார் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். "யாரு செத்தது? மாடி வீட்டுக்காரன் கட்டிலை இழுக்கற மாதிரி தொம்மு தொம்முனு அடிக்குது!"

அவள் சிரித்து வைத்தாள். நாத்தனார் நகர்ந்ததும் இயர்போனை வலது காதில் வைத்தாள். தொம், தொம். இடது காதுக்கு மாற்றினாள். அச்சு அசல் கறுப்புப் பெட்டி.

அவள் அப்பாவுக்கும் முதலில் இடது காதுதான் போனது. அடுத்த வருஷம் வலது. தெருவே அவரை டமாரம் என்று கூப்பிட்டது. வீட்டில் எல்லோரும் சிரித்தால், எதற்கென்று தெரியாமலே ஒரு கணம் தள்ளித் தானும் சிரிப்பார். "எத்தனை தரம்தான் சொல்றது?" என்று அவரிடம் அதிகம் கத்தியவள் இவள்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை பெட்டியின் மேல் பழி போட்டாள். புதன்கிழமை புது இயர்போன் வாங்கினாள். வியாழன் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பெட்டியையும் மாற்றி மாற்றிப் போட்டாள். இடது காதுக்கு மூன்றும் ஒன்றாகிப் போயிருந்தன. வெள்ளிக்கிழமை பாட்டும் மங்கியது. நோய் எங்கே என்று தெரிந்தும் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை. பயம் அப்படித்தான், வேறு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கும்.

"கழுத்துச் சுளுக்கா, அண்ணி? கோழி மாதிரி எல்லாரையும் ஒருக்களிச்சுப் பாக்கறீங்க."

"உன் மூஞ்சிய நேராப் பாக்கச் சகிக்கலை."

"எங்க அண்ணன் மூஞ்சியும் இதேதான். அதை மட்டும் எப்படிப் பாத்தீங்களாம்?" என்ற நாத்தனார் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "இப்ப உங்க இடது பக்கம் நின்னு மூணு தரம் கூப்பிட்டேன். கிளம்புங்க, டாக்டர்கிட்ட."

ஆஸ்பத்திரியில் சின்னக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். "சத்தம் கேட்டா பட்டனை அழுத்துங்க, விளையாட்டு மாதிரி." வலது காதுக்கு மளமளவென்று அழுத்தினாள். பிறகு இடது காது. அமைதி. சத்தம் வரவில்லையா, வந்தது தெரியவில்லையா? வலது காதில் எத்தனை இடைவெளி விட்டு வந்தது என்பது அவளுக்கு மனப்பாடம். அந்தக் கணக்கில் அழுத்தினால் டாக்டரையே ஏமாற்றிவிடலாம். கட்டைவிரலைப் பட்டன்மேல் வைத்தாள். அப்பாவின் அந்தத் தாமதச் சிரிப்பு கண்முன் வந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

"காது நரம்பு திடீர்னு சோர்ந்துபோச்சும்மா. அஞ்சு நாளை வீணாக்கிட்டீங்க. இன்னிக்கே மாத்திரை ஆரம்பிங்க. திரும்பி வரலாம், வராமலும் போகலாம். வலது காது நல்லா இருக்கு."

இருக்கு என்றார். இருக்கும் என்று சொல்லவில்லை. வீடு வந்து சேரும்வரை அந்த ஒரு எழுத்துதான் அவளை அரித்தது.

மாத்திரை ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் காலை, கடையில், டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்று இடது காதில் இயர்போனை வைத்தாள். நாத்தனார் ஏதோ ஒரு பெட்டியைப் போட்டாள். பாட்டு மெலிசாக வந்தது. அதற்கடியில் ஏதோ ஒன்று இடித்தது.

"எந்தப் பெட்டி, அண்ணி?"

"தெரியலை." சொல்லிவிட்டாள். "முரசா, என் நெஞ்சான்னே தெரியலை."

நாத்தனார் பெட்டியை அணைத்தாள். இடிப்பு பாதியில் நின்றது. நெஞ்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, வேறு தாளத்தில்.

"முரசுதான்... போடு, மறுபடி போடு."

"போட்டாச்சு. சாம்பலா, வெள்ளையா?"

"அதுவும் தெரியலை. நீ குண்டு போடு. நின்னா சாம்பல்."

நாத்தனார் சுட ஆரம்பித்தாள். இதோ நிற்கப்போகிறது, இதோ நிற்கப்போகிறது என்று அவள் மேசை விளிம்பை இறுகப் பிடித்தபடி காதுகொடுத்துக் கேட்டாள். தொம். தொம். தொம்.