தெய்வம்மா திருப்பிக் கொண்டுவந்த படம்

ஒரு ரமலான் மாதத்து மத்தியானம். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மஜீதாவின் ஸ்டூடியோவுக்கு ரேஷன் கார்டுப் படம் எடுக்க வந்தாள் தெய்வம்மா. தேயிலை எஸ்டேட்டிலிருந்து ஐந்து மைல் நடந்த பசி. கையில் சூடான வடைப் பொட்டலம். அதைப் பிரிக்கப் போனவள் மஜீதாவின் வறண்ட உதட்டைப் பார்த்தாள். பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். போயிருந்த கரண்ட் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை முடிச்சை அவிழ்க்கவேயில்லை. படம் எடுத்த பிறகு வெளியே போய்த் தூறலில் நின்று தின்றாள்.

அப்படிப்பட்டவள்தான் போன தை மாதம், ஃப்ரேம் போட்ட படம் ஒன்றை மஜீதாவின் மேஜைமேல் தட்டென்று போட்டாள்.

“ஏ புள்ள, இது யாரு?”

தெய்வம்மாவின் கோபம் எஸ்டேட் முழுக்கத் தெரிந்தது. இலங்கையில் நுவரெலியாப் பக்கம் பிறந்து, எட்டு வயதில் தாய் தகப்பனோடு கப்பலில் வந்து இறங்கியவள். இந்த மலையில் கொழுந்து பறித்தே வயதானவள். எடை போடும்போது தராசைப் பாதியில் நிறுத்தி எடையைக் குறைத்துச் சொன்ன கணக்கு ரைட்டரிடம், “இது லேசுதானே, நீயே சொமந்து பாரு” என்று சொல்லி, நிறைகூடையை அவர் முதுகிலேயே மாட்டி நாலு வரிசை நடக்க வைத்தவள். அவள் புருஷன் அழகையா ஃபேக்டரி அடுப்புக்கு விறகு போடுகிறவர், வாய் பேசாத மனுஷர். அவர் இறந்து பதினைந்து நாள். மறுநாள் கருமாதி. மாலை போட்டு வைக்கத்தான் இந்தப் படம்.

“ஏனுங்க அக்கா, அண்ணன்தானுங்களே.”

“எங்க கண்ணாலத்துல கூட அவரு இவ்வளவு மழமழன்னு இருந்ததில்ல. பேங்க் மேனேஜர் கணக்கா இருக்காரு. நெத்தியில துன்னூறு எங்க?”

மஜீதா படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தாள். தெய்வம்மாவின் மகள் இந்துமதி மாசி மாத மாரியம்மன் திருவிழாவில் போனில் எடுத்து அனுப்பிய படம் அது. மலையில் பனிக்காலம் வந்துவிட்டால் எல்லாரும் முகத்தில் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டுதான் வருவார்கள். வெளிச்சம் பட்டதும் நெற்றியும் மூக்கும் வெள்ளையாய் மின்னும். அந்த மினுக்கத்தை அடக்குவதுதான் கார்த்திகையிலிருந்து மாசி வரை மஜீதாவுக்கு வேலை. அழகையாவின் நெற்றியில் திருநீறு எண்ணெயோடு கலந்து, கோடு அழிந்து, வெறும் வெள்ளைப் படலமாய்த் தெரிந்தது. கைப்பழக்கத்தில் அதையும் சேர்த்து எடுத்துவிட்டாள்.

“வெளிச்சம் பட்ட மினுக்கமுன்னு நெனச்சுட்டேனுங்க அக்கா.”

“பூசாம ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காத மனுசன். பாடையில படுக்க வச்சப்பவும் பூசித்தான் அனுப்புனேன். சாமி நெத்தியில கெடக்குது, அத நீ யாரு தொடைக்க?”

மஜீதாவுக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. “மினுக்கத்த விட்டா மட்டும் சும்மா உடறீங்களா? ‘மூஞ்சில எண்ண வழியுது, படமாடி எடுத்த’ன்னு இதே மேஜைமேல வீசறீங்க. நான் என்னதானுங்க பண்ணட்டும்?”

“எம்படத்தச் சரி பண்ணு. நாளைக்குச் சனம் வருது.”

மஜீதா நெற்றியை மட்டும் பழையபடி கொண்டுவந்தாள். தெய்வம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தாள்.

“கன்னம் ஏன் செத்துக் கெடக்கு?”

“அது வெறும் எண்ணதானுங்க அக்கா. நல்லாருக்காது.”

“வெறும் எண்ணெயா?” தெய்வம்மாவின் குரல் உடைந்தது, கோபம் மட்டும் குறையவில்லை. “அடுப்புச் சூட்டுலயும் பனியிலயும் அவரு மூஞ்சி பாளம் பாளமா வெடிச்சு ரத்தம் வரும். விடியக்காலம் இந்தக் கையாலதான் தேச்சு அனுப்புவேன். முப்பத்தி நாலு வருசம். துன்னூற நீ எடுத்த, எண்ணெயையும் எடுத்த. பின்ன அதுல எம்புருசன் எங்க இருக்காரு?”

இத்தனை வருஷம் எத்தனை முகத்தை இப்படித் துடைத்தோம் என்று மஜீதாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. செய்த வேலை அத்தனையும் நீக்கிவிட்டு, வந்த படத்தை வந்தபடியே பிரிண்ட் போட்டாள். ஊரார் பார்த்து, தொழில் தெரியாதவள் என்று சொல்லட்டும். படத்தின் பின்னால் தன் கடைப் பெயரையும் ஒட்டினாள். தெய்வம்மா படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனாள்.

சித்திரையில் தெய்வம்மாவுக்கு எஸ்டேட்டில் ரிட்டயர்மெண்ட் ஆயிற்று. எஸ்டேட் கொடுத்திருந்த லைன் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூரில் இருக்கும் மகன் வினோத்திடம் கிளம்பியவள், வழியில் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். கூப்பிடாமலே விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். முகத்தில் எண்ணெய் மின்னியது. மஜீதா துடைக்கச் சொல்லாமல் அப்படியே படம் எடுத்தாள். வாசலில் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டே தெய்வம்மா சொன்னாள்:

“பத்திரமா வை புள்ள. நான் செத்தா வினோத்து போன் பண்ணுவான். எம்மருமக பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘அத்தைய கொஞ்சம் வெளுப்பாக்குங்க, மினுக்கத்த எடுங்க’ம்பா. அவ அப்படித்தான். அவ பேச்சக் கேட்டு ஏதாச்சும் பண்ணுன, சுடுகாட்டுல இருந்து நேரா ஒங்கடைக்குத்தான் வருவேன்.”